படுக்க ஒரு ஆள்

சந்தியாகப்பர் கோவில் வாலிபர் சபையில் ராஜநாயகம் ஏறக்குறைய இரண்டு வருஷம் தொண்டு செய்தான். அந்தக் காலம் முழுவதும் அவனுக்கு அங்கே இருந்தது ஒரே வேலை. படுத்துக்கொள்வது.

கோவில் சாந்தோம் பெரிய சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. குப்பத்தில் கட்டுமரம் தள்ளும் குடும்பங்களும், பள்ளிக்கூடத்திலும் ஆபீசுகளிலும் வேலை பார்க்கும் குடும்பங்களும் அங்கே பூசை காண வரும். சபையில் இரண்டு பக்கத்துப் பையன்களும் இருந்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் சபைக்கு அதிக வேலை கிடையாது. திருவிழாவில் சப்பரம் தூக்குவார்கள். கிறிஸ்துமசுக்குக் குடில் கட்டுவார்கள். ஏழை வீட்டில் சாவு விழுந்தால் தூம்பா தூக்குவார்கள். தனியாகப் பெட்டி செய்துகொள்ள வசதியில்லாதவர்களை அடக்கத்துக்குச் சுமந்துபோகக் கோவிலில் பொதுவாக வைத்திருக்கும் பாடைதான் தூம்பா. பிணத்தைக் குழியில் இறக்கிவிட்டு அது வெறுமையாகத் திரும்பி வரும். அடுத்த சாவு வரைக்கும் கொட்டகையில் கிடக்கும்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் கையில் சிங்கப்பூர் விழுந்ததும், இங்கேயும் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியாக ஆரம்பித்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. சொந்த ஊர் என்று ஒன்று இருந்தவர்கள் அங்கே போனார்கள். மற்றவர்கள் ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். சபைத் தலைவர் ஆம்ப்ரோஸ் அப்போதுதான் முதலுதவிப் படை ஒன்றை ஆரம்பித்தார். அவர் மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். பூசையில் பாட்டு ஆரம்பித்தால் அவர் குரலுக்குப் பின்னால்தான் மற்றவர்கள் வரவேண்டும். மயிலாப்பூரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் பத்ரிநாராயணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காசு வாங்காமல் பாடம் சொல்ல ஒப்புக்கொண்டார்.

கட்டுப் போடத் துணியும், முறிந்த எலும்புக்கு அணைத்துக் கட்டும் தப்பைகளும் கிடைத்தன. ஸ்ட்ரெட்சர் கிடைக்கவில்லை. சர்க்கார் ஆம்புலன்ஸ் டிப்போவிலிருந்து வரும், வரும் என்றார்களே தவிர வரவில்லை. ஆம்ப்ரோஸ் கொட்டகையில் தேடினார். புதுத் தூம்பா வந்த பிறகு உடைத்துப்போட்ட பழைய தூம்பாவின் இரண்டு கம்புகள் சுவரோரம் கிடந்தன. நல்ல தேக்கு. தோள்களின் எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்திருந்ததே தவிர ஒரு இடத்தில் கூடப் பூச்சி அரிக்கவில்லை. அந்தக் கம்புகளை நுழைத்துச் சாக்குப் படுதாவைத் தைத்து, ஒரே நாளில் ஸ்ட்ரெட்சரைத் தயார் செய்துவிட்டார்.

கோவில் மண்டபத்தில் நடந்த முதல் பாடத்தில் டாக்டர் அதைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். "யாராவது ஒருத்தர் இதுல படுத்துக்கோங்கோ பாப்போம்."

யாரும் அசையவில்லை.

"என்ன வெக்கம்? சும்மா படுத்துண்டிருந்தாப் போறும். மத்தவா கட்டுப் போட்டுப் பழகணுமோல்லியோ?"

குப்பத்துப் பையன் வெள்ளைத்துரைதான் வாயைத் திறந்தான். "சார், அது பழைய தூம்பாக் கம்பு சார்."

"இருந்தா என்ன?"

"பொணம் தூக்கின கம்பு சார். உசிரோட அதுல படுக்கக் கூடாது. எங்க ஆயாவுக்குத் தெரிஞ்சா தொடப்பத்த எடுத்துக்கினு வரும்."

ஆம்ப்ரோஸுக்குக் கோபம் வந்தது. "டேய் வெள்ளை, இப்பத்தான பூசை பாத்துட்டு வந்தே? சர்வேசுரன் மேல நம்பிக்கை இல்ல, கம்பு மேல இன்னாடா பயம்?"

"அப்ப நீ படு வாத்தியாரே."

"நான் படுத்தா நாலு பேரு தூக்க முடியுமா? எட்டு பேரு வேணும். அப்பால உங்களுக்குத்தான் முதலுதவி பண்ணணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் யாரும் படுக்கவில்லை. மந்திரம் சகுனம் எல்லாம் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்தவர்கள்தான் எல்லோரும். ஒவ்வொருவனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்தாள். அவள் சொன்னது வேறு.

அப்போது பின்வரிசையிலிருந்து ராஜநாயகம் வந்தான். ஒல்லியான பையன். வயது இருபத்திரண்டு. சபையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவன் தகப்பனார் கோவில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து இறந்துபோனவர். தாய் லூயிசா கோவிலின் பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் தவறிப்போனதால், லஸ் முனையில் இனாயத் பாயின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க அப்பாவ இந்தக் கம்புலதான் தூக்கிக்கினு போனீங்க," என்றான். "அதுக்கப்புறம் அவருக்கு ஒண்ணும் ஆகல."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

பையன்களின் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நாலு பேர் குனிந்து தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் ஸ்ட்ரெட்சர் இடுப்புக்கு மேலே எழும்பிவிட்டது.

"அடேய், பஞ்சு மாதிரி கீறாண்டா!"

"நல்ல ஆளு கெடைச்சான். இவன வுட்டுடாதீங்க," என்றார் ஆம்ப்ரோஸ்.

வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொன்னான். அவள் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "வேற யாரும் படுக்கலியா?" என்றாள். "இல்லம்மா," என்றான். "சரி," என்றாள்.  சபையில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் படுத்தான். டாக்டர் ஒரு கார்டில் இன்ன காயம் என்று எழுதி அவன் சட்டையில் குத்திவிடுவார். தொடை எலும்பு முறிவு. தலையில் அடி. தீக்காயம். பையன்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, கார்டைப் படித்து, இமையைத் தூக்கிப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்து, மார்பில் காது வைத்து, தப்பை வைத்துக் கட்டுவார்கள். பார்ப்பதற்கு நிஜம்போல இருக்க வேண்டும் என்று ஆம்ப்ரோஸ் சில நாள் ஆபீசிலிருந்து சிவப்பு மை கொண்டுவந்து அவன்மேல் தெளிப்பார். அதைத் துவைப்பது லூயிசாவின் பாடு. ராஜநாயகம் எந்தக் கட்டு எப்படி விழ வேண்டும் என்பதைத் தோலாலேயே கற்றுக்கொண்டான். முடிச்சு எலும்பின்மேல் விழுந்தால் வலிக்கும். அப்போது கண்ணைத் திறக்காமல், "கொஞ்சம் தள்ளிப் போடுப்பா," என்பான்.

"பொணம் பேசுதுடா!" என்று யாராவது கத்துவார்கள். அந்த வேடிக்கை பழசாகவே இல்லை.

அவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. அதைச் சபை முழுவதும் அறியும். விமானக் குண்டுவீச்சுத் தற்காப்புக்காகச் சர்க்கார் நடத்திய ஏ.ஆர்.பி. ஆம்புலன்ஸ் டிப்போவில் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். முதலுதவிப் பரீட்சையில் தேறியிருந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் தேறினானா தவறினானா என்று பார்ப்பதில்லை. காக்கி உடுப்பு, கையில் பட்டை, மாதம் பிறந்தால் சம்பளம். சைக்கிள் கடையிலிருந்து வெளியேற அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பட்டை தைத்துக் கொடுத்தவள் லூயிசா. தேறியவர்களுக்கென்று ஆம்ப்ரோஸ் கொடுத்த துணியில் தைத்து, தேய்த்து, மடித்து, மகன் கையிலேயே கொடுத்தனுப்புவாள். அவன் அதைக் கொண்டுபோய்ப் பிறர் கையில் கொடுப்பான்.

முதல் பரீட்சை அந்த வருஷமே நடந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பரிசோதகராக வந்தார். ராஜநாயகமும் பரீட்சைக்கு வரிசையில் நின்றான். ஆம்ப்ரோஸ் அவனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார்.

"நைனா, நீயும் பரீட்சை எழுதப் போயிட்டா படுக்கறது யாரு? இந்தத் தபா இவனுங்க பாஸ் பண்ணிடட்டும். அடுத்த தபா முதல் ஆளு நீதான்."

"சரிண்ணே," என்றான் ராஜநாயகம்.

அன்று வெள்ளைத்துரையின் முறை வந்தபோது கார்டில் கணுக்கால் சுளுக்கு என்று இருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாடி எப்படி இருக்கு?" என்றார் பரிசோதகர்.

"ஓடுது சார். ரொம்ப வேகமா ஓடுது. எதிர்க்காத்துல துடுப்பு வலிச்சவன் நாடி மாதிரி கீது."

"கார்டுல என்ன போட்டிருக்கு?"

"சுளுக்கு சார்."

"சுளுக்குக்கு நாடி எதுக்கு ஓடும்? ரத்தச்சேதத்துக்குப் புஸ்தகத்துல போட்டிருக்கறதை இங்க ஒப்பிக்கிறியா?"

"நீங்களே கைய வெச்சுப் பாருங்க சார்."

"எனக்குப் பாடம் சொல்லித் தர்றியா? போ, அடுத்த ஆளைக் கூப்பிடு."

தவறியவர்களில் வெள்ளைத்துரையும் ஒருவன். வெளியே வந்ததும் ராஜநாயகத்தைப் பிடித்துக்கொண்டான். "டேய், ஏண்டா உன் நாடி அப்பிடி அடிச்சுது? என் பரீட்சையே போச்சு."

"பரிசோதகரப் பாத்துப் பயந்துட்டேன் போல கீது. மனசுல வெச்சுக்காத வெள்ளை," என்றான் ராஜநாயகம்.

டாக்டர் பத்ரிநாராயணனுக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். பாடம் நடத்தும்போது எட்ட நின்று கைத்தடியால் காட்டிச் சொல்லுவார். கட்டு சரியா என்று பார்ப்பார். கட்டுக்குள்ளே இருப்பவனை அவர் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை. "அசடு, பரீட்சையில நோயாளியைப் பாக்கப்படாது. கார்டைப் பாக்கணும்," என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் மணிக்கட்டைப் பிடிப்பார்கள், கண் கார்டின்மேல் இருக்கும், வாய் 'சாதாரணம்' என்று சொல்லும்.

ராஜநாயகமும் தன் பங்குக்கு ஒன்று செய்தான். தன்னால் யாருக்கும் பரீட்சை கெடக் கூடாது என்று, படுப்பதற்கு முன்னால் கொட்டகைப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்து, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுவான். நாடி அடங்கிவிட்டது என்று தோன்றியதும் வந்து படுப்பான்.

அவன் உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் இனாயத் பாய்தான். அவருக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சைக்கிள் வைத்தியம். கடையில் காற்றடிக்கும் பம்பைக் கொடுத்தால் ராஜநாயகம் ஒரு சக்கரத்துக்கு அடித்துவிட்டு இன்னொன்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவதை அவர் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா இது, டியூபுல ஓட்டையா உன் நெஞ்சுல ஓட்டையா? ராவெல்லாம் இருமறேன்னு வேற சொல்றே. டாக்டராண்ட போய்க் காட்டு."

"பாய், ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை டாக்டரு முன்னாடிதான் படுத்துக்கினு கீறேன். படை மொத்தமும் நாடி பாக்குது. நெஞ்சுல காது வெச்சுக் கேக்குது. ஏதாச்சும் இருந்தா சொல்ல மாட்டாங்களா?"

இனாயத் பாய் யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் அவருக்கும் பட்டது. "அதுவும் சரிதான். உனக்கு நடக்கிற வைத்தியம் கவர்னருக்குக் கூட நடக்காது," என்றார். பம்பை வேறு பையனிடம் கொடுத்துவிட்டு, இவனை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்.

லூயிசாவும் இதையேதான் நம்பினாள். சாயங்காலமானால் அவன் கை சுடும். மிளகைத் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்பாள். "டாக்டர்கிட்ட சொன்னியாடா?" என்பாள். "அவரு பாத்துக்கினுதாம்மா இருக்காரு," என்பான். பொய் சொல்லவில்லை. அவனே அப்படித்தான் நினைத்தான். இத்தனை கைகள் வாராவாரம் தொட்டுப் பார்க்கும் ஓர் உடம்பில் வியாதி ஒளிந்திருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது பரீட்சையில் ஆம்ப்ரோஸ் அதே தோளில் அதே கையைப் போட்டார். முன்பு தவறியவர்கள் பாவம், அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டாமா என்றார். வெள்ளைத்துரை மணிக்கட்டைத் தொட்டதும் தொடாததுமாக, "சாதாரணம் சார்," என்றான். தேறினான். அடுத்த மாதமே டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் ராஜநாயகத்துக்கு ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக் கொடுத்தான். "உன் ஒடம்புல பாஸ் பண்ணேன்டா மச்சான்," என்றான். இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து அதைத் தின்றார்கள்.

நாற்பத்துமூன்று ஐப்பசியில் மழை கொட்டி அடையாறு பெருகிக் கரையோரக் குடிசைகளுக்குள் புகுந்தது. படைக்கு முதல்முறையாக நிஜமான வேலை வந்தது. ராஜநாயகமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். "பட்டை இல்லாதவங்கள அங்க உள்ள வுட மாட்டாங்க நைனா," என்றார் ஆம்ப்ரோஸ். "நீ மண்டபத்துல இரு. சாமான் கெடக்குது, பாத்துக்கோ." அன்று பகல் முழுவதும் அவன் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெட்சர் ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. அதில் முதல்முறையாக வேறு ஆட்கள் படுத்தார்கள். கையும் காலும் உடைந்தவர்கள். அவர்கள் யாரும் கம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

சாயங்காலம் நனைந்து திரும்பி வந்த ஆம்ப்ரோஸிடம், அவன் எழுந்து நின்று சொன்னான். "அண்ணே, அடுத்த பரீட்சைக்கு நான் படுக்க மாட்டேன். எழுதப் போறேன்."

அவன் அப்படிக் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.  "சந்தியாகப்பர் மேல ஆணை. நீ எழுதற," என்றார் ஆம்ப்ரோஸ். வாக்கையும் காப்பாற்றினார். பெயரைக் கொடுத்து, முதல் ஆளாகவே போட்டார்.

பரீட்சை தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். லூயிசா அவன் சட்டைக்குப் பீடத் துணிக்குப் போடும் கஞ்சியைப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். சட்டை அவன்மேல் பலகைபோல நின்றது. உள்ளே ஆள் இளைத்திருந்தது அதனால் வெளியே தெரியவில்லை. சபையின் புகைப்படம் எடுக்கவும் அன்றே ஏற்பாடு. ராயப்பேட்டையிலிருந்து படக்காரர் தன் முக்காலியோடு வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

பரிசோதகர் பெயரை அழைத்தார். ராஜநாயகம் முன்னால் வந்து நின்றான். பரிசோதகர் கார்டை எடுத்து, தரையில் இருந்த ஸ்ட்ரெட்சரைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"நோயாளி எங்கே?"

அப்போதுதான் எல்லோருக்கும் அந்த யோசனை வந்தது.

ஆம்ப்ரோஸ் திரும்பிப் பார்த்தார். "யாராச்சும் படுங்கடா. சீக்கிரம்."

மண்டபத்தில் படை முழுவதும் இருந்தது. கையில் பட்டையோடு, நேராக நின்றார்கள். ராஜநாயகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அந்த முகங்களை அவன் இதுவரைக்கும் கீழேயிருந்துதான் பார்த்திருந்தான்.

"வெள்ளை," என்றான்.

வெள்ளைத்துரை ஓர் அடி முன்னால் வைத்தான். பிறகு நின்றுவிட்டான். "மச்சான், எம் பொஞ்சாதிக்கு ஏழு மாசம்டா," என்றான் தாழ்ந்த குரலில். "இந்த நேரத்துல நான் அதுல படுத்தேன்னு தெரிஞ்சா எங்க ஆயா என்ன வூட்டுக்குள்ளயே சேக்காது. வேற இன்னா வேணாலும் கேளு. உசிரக் கேளு, குடுக்கறேன்."

"உசிரு வேணாம். கொஞ்ச நேரம் படுத்தாப் போதும்."

வெள்ளைத்துரை முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஆம்ப்ரோஸின் மைத்துனன் அல்போன்ஸும் அன்று பரீட்சை எழுத வந்திருந்தான். அவனைப் பார்த்தார்கள். "எனக்குப் பெந்தகோஸ்தே திருநாள் கழிச்சுக் கல்யாணம்," என்றான் அவன். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் காரணம் கிடைத்தது. ஒருவனுக்குத் தங்கை கல்யாணம். ஒருவனுக்குத் தகப்பனார் ஆஸ்பத்திரியில். காரணம் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"நானே படுப்பேன்," என்றார் ஆம்ப்ரோஸ். "ஆனா தூக்கணுமே. பரீட்சையில தூக்கறதும் உண்டே. இவன் என்ன எங்க தூக்கறது?" சிரிப்பு எழும் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் பத்ரிநாராயணன் பரிசோதகரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். "ஒரு தலகாணிய வெச்சுக் கட்டச் சொல்லலாமா?" என்று கேட்டிருப்பார். பரிசோதகர் தலையை ஆட்டினார். "ஆள் இல்லாம பரீட்சை எப்படி? நான் பூந்தமல்லி போகணும். இன்னும் யார் பாக்கி?"

அல்போன்ஸ்தான் பாக்கி.

"அப்ப அவனையாவது முடிச்சுடலாம். இவரையே படுக்கச் சொல்லுங்க. வழக்கமாப் படுக்கற ஆள்தானே?"

மண்டபத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.  ராஜநாயகம் போய்விடுவான் என்று வெள்ளைத்துரை நினைத்தான். போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தான். ராஜநாயகம் போகவில்லை. செருப்பைக் கழற்றினான். கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தான்.

கார்டில் தாடை முறிவு என்று இருந்தது. அல்போன்ஸ் மணிக்கட்டைப் பிடித்தான். அன்று ராஜநாயகம் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்து மூச்சை அடக்கியிருக்கவில்லை.

"நாடி?"

"சாதாரணம், சார்."

தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றி முகம் மறைய முக்கோணத் துணியைக் கட்டினான். கட்டு ஒழுங்காக இருந்தது. பரிசோதகர் தேறியதாகச் சொன்னார். நாலு பேர் ஸ்ட்ரெட்சரைத் தூக்கினார்கள். "எறங்காத நைனா, அப்பிடியே இரு," என்றார் ஆம்ப்ரோஸ். "படத்துக்கு நல்லாருக்கும்." வேப்பமரத்தடியில் படை மூன்று வரிசையாக நின்றது. முன்னால், எல்லோர் காலடியிலும், ஸ்ட்ரெட்சரை வைத்தார்கள். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அசையாமல் இருக்கச் சொன்னார். கீழே படுத்திருந்தவனைத் தவிர எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அவனுக்கு இருமல் வந்தது. படம் முடிகிறவரைக்கும் அவனும் அடக்கிக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு இருமினான். துணியின்மேல் சிவப்பு பரவியது.

"டேய், யாருடா மை தெளிச்சது? படம் எடுத்தப்புறம் எதுக்கு?" என்றார் ஆம்ப்ரோஸ்.

வெள்ளைத்துரை மண்டியிட்டுக் கட்டை அவிழ்த்தான்.  அதற்குள் டாக்டர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த மார்பில் காது வைத்தார். வெகுநேரம் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரே லூயிசாவின் வீட்டுக்குப் போனார். நெஞ்சில் காசம் வெகுதூரம் போய்விட்டது என்றார். "எப்படி ஐயா?" என்றாள் அவள். "வாராவாரம் நீங்க பாத்தீங்களே?"

"நான் அவனைத் தொட்டதே இல்லையேம்மா," என்றார் அவர். "பசங்கதான் தொட்டா."

அதற்குப் பின்னால் ஒன்றரை வருஷம். ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. இனாயத் பாய் வாரத்தில் ஒரு நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வருவார். வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். சபையிலிருந்து முதலில் அடிக்கடி வந்தார்கள். பிறகு, தொற்றும் வியாதி என்று யாரோ சொன்னதும் ஜன்னல் பக்கம் நின்று பேசினார்கள். பிறகு அதுவும் குறைந்தது.

ஆனால் கோவில் வாசலில் பேச்சு குறையவில்லை. குப்பத்திலும் சொன்னார்கள், ஆபீசுக்காரர் வீடுகளிலும் சொன்னார்கள்: அது கம்பு செய்த வேலை. பிணக் கம்பில் உயிரோடு படுத்தால் வேறு என்ன நடக்கும்? அப்பாவைத் தூக்கியது மகனையும் கேட்டுவிட்டது. படுக்காதே என்று அப்போதே சொன்னோம், வெள்ளைத்துரை எல்லோர் முன்னாலும் சொன்னானே, இவன்தான் கேட்கவில்லை. அப்படிச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு மனம் லேசாயிற்று. நாடி பார்த்த பேச்சை யாரும் எடுக்கவில்லை. கம்பின்மேல் பழி போடாமல் இருந்தவர் ஆம்ப்ரோஸ் ஒருவர்தான்; கடைசியில் அவரும் மாறினார். ஒரு நாள் ஸ்ட்ரெட்சரை வேப்பமரத்தடியில் போட்டு, மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றி எரித்தார். தேக்கு ஆனதால் நின்று நிதானமாக எரிந்தது.

ராஜநாயகம் யுத்தம் முடிந்த வருஷம், ஆடியில், குருவானவர் கையால் கடைசி எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் பெற்று இறந்தான். சபைதான் தூம்பா தூக்கியது. முன்பக்கம் வெள்ளைத்துரை தோள் கொடுத்தான். "வெயிட்டே இல்ல," என்றான் பக்கத்தில் வந்தவனிடம். அவன் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. தோளுக்குப் பழகிப்போன சொல்.

முதலுதவிப் படைகளைக் கலைத்த பிறகு, செய்த சேவையின் ஞாபகமாக அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள். துவைத்த பீடத் துணிகளைக் கொடுக்க வந்த லூயிசா ஒரு நாள் மண்டபம் திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே போனாள். ஆம்ப்ரோஸ் அங்கே இருந்தார்.

"வாங்க வாத்தியாரம்மா. படம் எப்பிடி வந்துகீது பாருங்க."

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். வரிசையாக முகங்கள். வரிசையாகக் கைப்பட்டைகள், அவள் தைத்தவை. கீழே முகம் முழுவதும் துணி சுற்றிய ஓர் உருவம் படுத்திருந்தது. படத்தின் அடியில் நல்ல எழுத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்கள் எழுதியிருந்தன. பரிசோதகர், டாக்டர், தலைவர், பிறகு படையினர். படுத்திருந்தவனுக்கு நேராக 'நோயாளி' என்று இருந்தது.

அவள் முகத்தைத் தேடவில்லை. காலைப் பார்த்தாள். இடது கால் கட்டைவிரலில், கடையில் பெடல் விழுந்து பாதி போன நகம், படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் இருந்தது.

 துணி மூட்டையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"எம்புள்ள நாடியத் தொட்டுப் பாத்தவங்க பேரெல்லாம் வரிசையா எழுதிட்டீங்க தம்பி."

"ஆமாம்மா," என்றார் ஆம்ப்ரோஸ் சந்தோஷமாக. "ஒருத்தர் பேரும் வுட்டுப்போகாம நானே உக்காந்து எழுதினேன்."